கையெழுத்துப் போட்ட துரை

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மாட்டியிருந்த ட்ரெல்பி துரையின் படத்தைக் கரையான் தின்றுவிட்டது. நான் கனடா போனதற்குக் காரணம் அதுதான்.

துரை யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில், தூத்துக்குடிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் கடற்கரை ஊரில் கொஞ்ச காலம் துறைமுக அதிகாரியாக இருந்த வெள்ளைக்காரர். பிற்பாடு மாண்ட்ரியலுக்குக் கப்பலேறி, அங்கே அரசியலில் இறங்கி, அங்கேயே இறந்துபோனார். மீனவப் பிள்ளைகள் படிக்கட்டும் என்று ஓர் உப்புக் கிடங்கைப் பள்ளிக்கூடமாக எழுதிக்கொடுத்த புண்ணியவான் என்று ஆண்டுவிழாதோறும் மேடையில் பேசுவோம். பேசுகிறவன் பெரும்பாலும் நான்தான். பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர் நான். தொழில், பஸ் ஸ்டாண்டு எதிரில் ஃபிளக்ஸ் பேனர் கடை.

பள்ளிக்குப் புதிதாக ஒரு நுழைவாயில் வளைவு கட்டினார்கள். அதில் துரையின் பெயரைப் போட வேண்டும் என்றேன் நான். எம்.எல்.ஏ.வின் காலஞ்சென்ற அப்பா பெயரைப் போட வேண்டும் என்றான் செல்வராஜ். அவன் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். ஒன்றாம் வகுப்பிலிருந்தே என் பெஞ்சுக்காரன்.

“எவனோ ஒரு வெள்ளைக்காரன் பேர எதுக்குல தூக்கிட்டுத் திரியுத? அவன் கனடாவுல போயி என்ன கிழிச்சான்னு உனக்குத் தெரியுமா?”

“பெரிய தலைவரா இருந்தாரு.”

“நிரூபிச்சுக் காட்டு. இல்லன்னா செயலாளர் பதவிய விட்டுட்டுப் போ.”

கூட்டத்தில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். துரையின் அசல் படமும் வாழ்க்கை வரலாறும் கொண்டுவருவதாக வாக்கு. மாண்ட்ரியலில் என் அக்கா ரோஸ்லின் இருபத்தைந்து வருஷமாக இருக்கிறாள். வா வா என்று கூப்பிட்டுச் சலித்துப்போனவள். நான் வருகிறேன் என்றதும், “யாருக்கு என்ன?” என்று பயந்துவிட்டாள்.

விமான நிலையத்தில் அதிகாரி, “வந்த நோக்கம்?” என்று கேட்டார்.

“ஒரு அரசியல்வாதியைப் பார்க்க.”

“அவருக்கு நீங்கள் வருவது தெரியுமா?”

“இறந்துவிட்டார்.”

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். நான் அவசரமாக அக்காவின் பெயரைச் சொன்னேன். முதலிலேயே அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

வெளியே செபஸ்தியான் அத்தான் நின்றார். மன்னார்க்காரர். பனிக்காலத்தில் பனி தள்ளும் வண்டி ஓட்டுவார். மற்ற மாதங்களில் பனிக்காலத்தைப் பற்றிப் பேசுவார். அக்டோபர் மாதத்துக் குளிரில் என் பற்கள் தட்டியதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு.

“மச்சான், இது குளிரே இல்லை. ஜனவரியில வந்து பார். மூக்கைத் தொட்டால் மூக்கு இருக்குதோ எண்டு சந்தேகம் வரும்.”

தன் பழைய ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தார். அதற்குள் நானும் செல்வராஜும் சேர்ந்தே நுழையலாம். அவர்கள் வீடு இருக்கும் இடத்தை டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்று எழுதி, டி.டி.ஓ. என்று சுருக்கிச் சொல்கிறார்கள். வீடுகளுக்கு முன்னால் மரங்கள் சிவப்பும் மஞ்சளுமாக நின்றன. பேனரில் இப்படி நிறம் வைத்தால் “ஏன்யா இவ்வளவு கூட்டுன?” என்று கேட்பார்கள்.

அக்கா என்னைப் பார்த்து அழுதுவிட்டு, “சாப்பிட்டனியோ?” என்றாள். இருபத்தைந்து வருஷத்தில் எங்கள் ஊர்ப் பேச்சை அத்தான் வீட்டுப் பேச்சு தின்றுவிட்டது என்று நினைத்தேன். நான் குழம்புச் சட்டியை மூடாமல் விட்டதும், “ஏல, மூடில அத!” என்று கத்தினாள். கோபம் மட்டும் ஊரில் பதிவானபடியே இருந்தது.

மறுநாள் தனியாகப் போகிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன். அத்தானின் வரைபடத்தில் ட்ரெல்பி என்ற பெயரிலேயே ஒரு தெரு இருந்தது. ஒரு தெருவுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால் சும்மாவா? செல்வராஜின் முகத்தை மனதில் நிறுத்திக்கொண்டு கிளம்பினேன்.

அத்தான் ரொக்ஸ்பரோ ஸ்டேஷனில் இறக்கிவிட்டார். ரயிலுக்கு ஓட்டுநர் இல்லை. முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தண்டவாளம் நேராக என் மடிக்குள் வந்துகொண்டே இருந்தது. கால் தானாக பிரேக்கைத் தேடியது. எதிரில் உட்கார்ந்திருந்த பெண்மணியும் தன் காலை அழுத்துவதைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது.

பிறகு மெட்ரோ மாற வேண்டும். இத்தனையாவது ஸ்டேஷன் என்று எண்ணி இறங்க வேண்டும். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் பெட்டிக்குள் ஒட்டியிருந்த விளம்பரங்களின் அச்சு அவ்வளவு சுத்தம். சிவப்பில் ஒரு பிசிறு இல்லை. ஒரு தயிர் விளம்பரத்தை மூக்கு உரசும் தூரத்தில் ஆராய்ந்துகொண்டிருந்தபோது ரயில் நின்றது, எல்லோரும் இறங்கினார்கள், விளக்கு அணைந்தது. கடைசி ஸ்டேஷன். செயின்ட்-மிஷேல்.

இந்த ஊரில் தெருவுக்கும் ஸ்டேஷனுக்கும் புனிதர் பெயர்கள்தான். கத்தோலிக்கனான எனக்கு அதில் ஒரு சௌகரியம்: எங்கே தொலைந்தாலும் தெரிந்தவர் வீட்டில் தொலைந்த மாதிரி இருக்கும். அதிதூதர் மிக்கேலை வேண்டிக்கொண்டு மேலே ஏறினேன். முதலில் தெரிந்தது ஒரு டெப்பனர். நம்மூர்ப் பெட்டிக்கடை கோட் போட்டுக்கொண்டால் எப்படி இருக்குமோ, அதுதான். பால், பீர், லாட்டரிச் சீட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டன் ரோல்ஸ். ரோல்ஸைப் பார்த்ததுமே கடைக்காரர் யாரென்று தெரிந்துவிட்டது.

“அண்ணை, எங்க போக வேணும்?” என்றார். யாழ்ப்பாணத்துக்காரர்.

“ட்ரெல்பி தெரு.”

அவர் யோசித்தார். “அது தெருவில்லை, அண்ணை. ஒழுங்கை. நான் முந்தி இருந்த வீட்டுக்குப் பின்னால இருந்தது. குப்பை வாளி வைக்கிற இடம். அங்க ஆரைப் பாக்கப் போறியள்?”

யாரென்று சொன்னேன். எங்கள் ஊரின் கல்வித் தந்தை என்றும் சொன்னேன். அவர் மரியாதையோடு இன்னொரு ரோல்ஸைப் பையில் போட்டார். “எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது. நானும் ஆறு வருசம் அவருக்கு மேலதான் குப்பை கொட்டினனான்.”

பஸ் நம்பர் எழுதிக்கொடுத்தார். அந்த பஸ்ஸில் சரியாகத்தான் ஏறினேன், எதிர்த்திசையில் ஏறினேன். ஒழுங்கைக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு எழுபத்திரண்டு அடி வைத்து நடந்தேன். இரு பக்கமும் வீடுகளின் புறமுதுகு, இரும்புப் படிக்கட்டுகள், வரிசையாகக் குப்பைத் தொட்டிகள். நீலத்தில் வெள்ளை எழுத்தாகத் துரையின் பெயர்ப் பலகை. அதில் பாதியை ஒரு கொடி மூடியிருந்தது. கொடியை விலக்கிப் படமெடுத்தேன்.

மேல்மாடியிலிருந்து ஒரு பெண்மணி பிரெஞ்சில் கத்தத் தொடங்கினார். எனக்குத் தெரிந்தது இரண்டு வார்த்தை. “பொன்ஜூர்” என்றேன். அவர் இன்னும் கத்தினார். “மெர்சி” என்றேன். கொதித்துப்போய்ப் படியிறங்கி வந்து, ஒரு தொட்டியைத் திறந்து உள்ளே காட்டினார். அப்போதுதான் புரிந்தது. ஜாக்கெட்டையும் கையிலிருந்த போனையும் பார்த்து, மாநகராட்சி ஆள் என்று நினைத்துவிட்டார். குப்பை எடுக்கவில்லை என்று புகார். துரையின் தொகுதியில் என்னிடம் வந்த முதல் மனு. தலையைத் தலையை ஆட்டி, எல்லாம் ஆவன செய்வதாகச் சைகையால் உறுதியளித்துவிட்டு நழுவினேன்.

வீட்டில் அத்தான் பூட்டீன் வாங்கி வைத்திருந்தார். பொரித்த உருளைக்கிழங்கின் மேல் பாலாடைக்கட்டித் துண்டுகளைத் தூவி, கொதிக்கும் பழுப்புக் குழம்பை ஊற்றுகிறார்கள். பாலாடைக்கட்டி பல்லுக்கடியில் புதுச்செருப்பு மாதிரி கீச்சிடுகிறது. முதல் வாயில் இதென்ன கொடுமை என்று பட்டது. மூன்றாவது வாயில் விஷயம் பிடிபட்டுவிட்டது. இது புரோட்டா இல்லாத சால்னா. தட்டை வழித்தேன்.

மூன்றாம் நாள் அக்கா விடுப்பு எடுத்தாள். அவள் வேலை பார்ப்பது ஒரு கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில். நாலு வயதுக்காரர்களோடு நாள் முழுக்கப் பேசிப் பேசி பிரெஞ்சு அவளுக்குத் தண்ணீர். ஆவணக் காப்பகத்தில் எங்களை வரவேற்றவர் மதாம் லூசி என்ற அம்மாள். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். அக்கா விஷயத்தைச் சொன்னாள். நான் போனில் இருந்த, கரையானுக்கு முந்தைய படத்தைக் காட்டினேன். நெஞ்சுவரை தாடி, தீர்க்கமான பார்வை. அந்த முகத்துக்காகவே ஓட்டுப் போடலாம்.

மதாம் லூசி பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு அக்காவிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்னக்கா?”

“இது ட்ரெல்பி இல்லையாம்.”

“பின்ன?”

“அந்தக் காலத்து இருமல் மருந்து விளம்பரமாம். போத்தல்ல ஒட்டியிருக்கிற படம். இவ நிறையப் பாத்திருக்கிறாவாம்.”

தலைமுறை தலைமுறையாக நாங்கள் மாலை போட்டதும், பரீட்சைக்கு முன்னால் கும்பிட்டதும் இருமல் மருந்துக்காரனை. நானே ஒருமுறை அவர் முன்னால் கண் கலங்கியிருக்கிறேன்.

அசல் துரை ஒரு தட்டையான பெட்டியிலிருந்து வந்தார். வழுக்கை, உருண்டை முகம், முகவாயே இல்லாமல் நேரே கழுத்து. பதினெட்டு வருஷமாக அரசியல்வாதிகளின் முகத்தைக் கழுவி, தேய்த்து, வெளுப்பேற்றி வருகிறவன் நான். இந்த முகத்தை என்ன செய்தாலும் ஏழடி உயரத்தில் நிறுத்த முடியாது என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.

வரலாறு அதைவிட மோசம். மதாம் லூசி பழைய செய்தித்தாள்களைப் புரட்டிப் படிக்க, அக்கா தமிழில் சொல்லச் சொல்ல, நான் நோட்டில் எழுதினேன். ஏழு தேர்தலில் நின்று ஐந்தில் தோற்றவர். நான்கு முறை கட்சி மாறியவர். நான்காவது முறை, முதலில் இருந்த கட்சிக்கே. ஒரு தடவை மந்திரியாகவும் ஆனார். ஒன்பது நாள். அதில் நாலு நாள் ஜலதோஷம்.

அந்தக் காலத்தில் ரகசிய ஓட்டு கிடையாதாம். வேட்பாளர்கள் மேடையில் நிற்க, ஒவ்வொருவராக வந்து தங்கள் ஓட்டு யாருக்கென்று சத்தமாகச் சொல்ல வேண்டும். ஒரு தேர்தலில் துரையின் சொந்த மைத்துனர் வந்து, துரையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே எதிராளியின் பெயரைச் சொல்லியிருக்கிறார். துரை தொப்பியைக் கழற்றி, “வீட்டில் எல்லோரும் சுகமா?” என்று கேட்டாராம்.

இன்னொரு தேர்தலில் அவரைக் கவிழ்த்தது ஒரு விருந்து. வயிறு நிறைந்துவிட்டது என்று பிரெஞ்சில் சொல்ல நினைத்து, ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றி, “நான் நிறைந்துவிட்டேன்” என்றிருக்கிறார். இந்த ஊர்ப் பிரெஞ்சில் அதற்கு முழு போதையில் இருக்கிறேன் என்று அர்த்தம். விருந்து கொடுத்தவர்கள் மதுவிலக்குச் சங்கத்தார்.

மதாம் லூசிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர். அக்காவும் சிரித்தாள். நான் மட்டும் நோட்டை மூடினேன். செல்வராஜ் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. துரை கனடாவில் எதையும் கிழிக்கவில்லை.

“பொறு, பொறு,” என்றாள் அக்கா. “இதில இந்தியா எண்டு கிடக்கு.”

அது துரையின் கடைசித் தேர்தல். கூட்டத்தில் ஒருவன், “உன் வாழ்க்கையில் உருப்படியாக எதையாவது செய்தாயா?” என்று கேட்டிருக்கிறான். துரை சொன்ன பதிலை, அவரைக் கேலி செய்வதற்காகவே எதிர்க்கட்சிப் பத்திரிகை முழுதாக அச்சிட்டிருந்தது. மதாம் லூசி நிறுத்தி நிறுத்தி வாசித்தார். அக்கா சொன்னாள்:

“‘நான் கொண்டுவந்த சட்டத்தை மறுவருசமே எடுத்துப்போட்டாங்கள். நான் கேட்ட பாலத்தை வேறை ஊரில கட்டினாங்கள். நிலைச்சு நிக்கிறது ஒரே ஒரு காரியம். இந்தியாவில ஒரு பள்ளிக்கூடம். அதையும் நான் செய்யேல்லை.’”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

துரை எங்கள் ஊரில் இருந்தபோது, அவருடைய சமையல்காரரின் மனைவி ஒருநாள் தமிழில் எழுதிய ஒரு தாளை நீட்டியிருக்கிறாள். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. கோழிக்கூடு கட்ட அனுமதி என்று அவள் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். மூன்று மாதம் கழித்து உப்புக் கிடங்கு வழியாகப் போனால் உள்ளே பிள்ளைகள் அரிச்சுவடி சொல்கிறார்கள். யார் விட்டது என்று குதித்தார். “துரைதான்” என்று அவருடைய கையெழுத்தையே அவள் காட்டினாள். ரத்து செய்யலாம் என்றால், படிக்காமல் கையெழுத்துப் போட்டதை மேலதிகாரியிடம் ஒத்துக்கொள்ள வேண்டும். எனவே மறு ஞாயிற்றுக்கிழமை மாலை மரியாதையோடு போய், பள்ளிக்கூடத்தைத் திறந்துவைத்து, கல்வியின் மேன்மை பற்றி அரை மணி நேரம் பேசினாராம்.

“‘அண்டைக்குத்தான் எனக்கு அரசியல் சரிவரும் எண்டு விளங்கினது’ எண்டு சொல்லியிருக்கிறார்,” என்று முடித்தாள் அக்கா.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்ததாகப் பத்திரிகை எழுதியிருந்தது. அந்தத் தேர்தலிலும் தோற்றார்.

“அந்த அம்மா பேரு போட்டிருக்கா?” என்று கேட்டேன்.

மதாம் லூசி தாளை வெளிச்சத்தில் திருப்பினார். “இக்னாசியமால்,” என்று திக்கித் திக்கி வாசித்தார்.

அக்கா ஒரு நொடி முழித்தாள். பிறகு என் தோளில் ஓங்கி அடித்தாள். “ஏல! இன்னாசியம்மாள்ல!”

அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நான்காம் நாள் மலைமேல் இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்கு அத்தான் கூட்டிப்போனார். மழை. துரையின் கல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பக்கத்திலேயே, இரண்டடி உயரமான மேட்டில், அவரைப் பலமுறை தோற்கடித்த எதிராளியின் கல். “செத்தும் இவர் கீழதான்,” என்றார் அத்தான். நான் சாய்ந்த கல்லைத் துடைத்தேன். அவர்மேல் இருந்த கோபம் ஏனோ போய்விட்டது. தோற்றுக்கொண்டிருக்கும்போது, அத்தனை பேர் முன்னால், அந்தக் கதையை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம். அவள் பெயரையாவது சொல்லாமல் விட்டிருக்கலாம்.

திரும்பும் வழியில் எனக்கு வேறொரு யோசனை. ஏழில் இரண்டு தேர்தலில் ஜெயித்தது உண்மை. மந்திரியானதும் உண்மை. ஒன்பது நாள் என்று நான் ஏன் சொல்ல வேண்டும்? முகத்தில் உள்ள பருவை அழிக்கிறவனுக்கு வரலாற்றில் உள்ள பருவை அழிக்கத் தெரியாதா? செயலாளர் பதவி போனால், ஊரில் செல்வராஜின் வாய்க்குத் தப்பி நடமாட முடியாது. இதை அக்காவிடம் சொன்னேன்.

அவள் ரசத்துக்குப் பூண்டு தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுவதை நிறுத்தவில்லை.

“நான் ‘அ’ எழுதினது அந்தக் கிடங்குக்குள்ளதான். இஞ்ச வந்து முப்பது வயசில பிரெஞ்சு படிக்கேக்கை, எல்லாரும் பயந்தவை. நான் பயப்பிடேல்லை. ஒருத்தி எங்களுக்காகப் பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறாள் எண்டு எனக்கு அப்ப தெரியாது.” பூண்டைச் சட்டியில் போட்டாள். “நீ சொல்லாட்டி நான் சொல்லுவன்.”

மறுநாள் காலை எட்டரைக்கு, ஊரில் மாலை ஆறு மணி, வீடியோவில் கமிட்டி கூடியது. பள்ளியின் ஆபீஸ் அறையில் எட்டுப் பேர் ஒரு போனுக்குள் தலையைத் திணித்துக்கொண்டிருந்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். இருமல் மருந்து, கட்சி மாறியது, ஒன்பது நாள், கோழிக்கூடு. ஒன்றையும் விடவில்லை.

செல்வராஜின் பல் திரை முழுக்கத் தெரிந்தது. “அப்போ ஏமாந்துபோயி கையெழுத்துப் போட்டவனுக்கா வளைவு வைக்கச் சொல்லுத?”

“ஏமாந்தேன்னு மேடையில ஒத்துக்கிட்ட அரசியல்வாதி வேற யாரையாவது காட்டுல. அவருக்கு வைப்போம்.”

சளசளவென்று எல்லோரும் பேசினார்கள். தலைமையாசிரியை பிலோமினா டீச்சர் கையை உயர்த்தினார். “சார், அந்தச் சமையல்காரரோட மனைவி. அவங்க பேரு என்ன?”

“இன்னாசியம்மாள்.”

சத்தம் நின்றது. படமும் அசையவில்லை. நெட் போய்விட்டது என்று அத்தான் எழுந்து பெட்டியைத் தட்டப் போனார். நெட் இருந்தது. செல்வராஜ்தான் அசையாமல் இருந்தான்.

“ஏல,” என்றான் கடைசியில். “எங்க அப்பாவோட பாட்டிக்குப் பாட்டி பேரு இன்னாசியம்மா. வெள்ளைக்காரன் பங்களாவுல இருந்தாவன்னு அப்பா சொல்லும். நாங்க நம்புனதில்ல.”

“அப்போ எம்.எல்.ஏ. அப்பா?” என்று யாரோ கேட்டார்கள்.

“அவருக்கு என்ன, ஊர் பூரா வளைவு இருக்கு,” என்றான் செல்வராஜ். “இதுக்கு இன்னாசியம்மா பேருதான். வேற பேச்சே கிடையாது.”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. என் பதவியும் தப்பியது. அக்கா பின்னால் நின்று மூக்கை உறிஞ்சினாள். அத்தான் எனக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, அடுத்த தடவை ஜனவரியில் வரச் சொன்னார்.

வளைவு இப்போது நிற்கிறது. பெரிய எழுத்தில் ‘இன்னாசியம்மாள் நினைவு வளைவு’. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ‘கையொப்பம்: ட்ரெல்பி துரை’. அந்த வரி என் யோசனை. திறப்புவிழாவுக்கு வந்த எம்.எல்.ஏ., தன் பாட்டி வழியில் ஓர் இன்னாசி உண்டு என்று மைக்கில் சொன்னார். அன்று தொடங்கியது. வடக்குத் தெரு மிக்கேல் வீடு, ஐஸ் கம்பெனி சூசை வீடு, மாதா கோயில் பக்கத்து இரண்டு பங்காளி வீடுகள் என்று ஒவ்வொருவராக என் கடைக்கு வந்து, நேரடி வாரிசு தாங்கள்தான் என்று பேனர் அடிக்கச் சொன்னார்கள். ஒரு மாதத்தில் பதினோரு குடும்பம். இத்தனை காலம் ஒருத்தருக்கும் பெயர் தெரியாமல் இருந்த மனுஷி.

பன்னிரண்டாவதை நான் எதிர்பார்க்கவில்லை. கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன். என் மனைவி சோற்றை வைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“எங்க அம்மா வழியப் பத்தி நீங்க என்னைக்காவது ஒழுங்கா விசாரிச்சிருக்கீங்களா?” என்றாள்.